நீ சுட்ட பாண்

தம்பி,

ரெலிபோனில் கதைத்தால் "ஓம் அம்மா, பிறகு பாப்பம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி இடையில் வைக்க உனக்கு மனம் வராது என்று நம்பித்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த நோர்வேப் பனிக்குள்ளால் உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன் கேட்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. அடுத்த கிழமை, கலியாணம் கட்டின நீயும் அனிதாவும் வடக்கே துரொன்ட்ஹெய்முக்குக் குடிபோய்விடுவீர்கள். போவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதைக் கேட்பதற்கு முதல், இந்த ஒரு வருடத்தில் எனக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் நீ கூட நின்றாய்தான். ஆனாலும் நீ பார்த்துக்கொண்டு நின்றதும் நான் பட்டதும் ஒன்றில்லை.

போன இலையுதிர்காலத்தில்தான் என் வருத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதற்கு முன் எத்தனையோ வருடங்கள் இரும்புச்சத்துக் குளிசையோடு போய்விட்டன. முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு வரும்போது, ரொம்சோஸ் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் நின்று நின்றுதான் வருவேன். வயது போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கடைசியில் வாய்க்குள்ளால் ஒரு குழாயை விட்டு, குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்து, சொலியாக்கி, குடல் கோதுமையை ஏற்காத வருத்தம் என்றார்கள். கோதுமை, பார்லி, றை என்கிற தானியம் எதுவும் இனி ஆயுளுக்கும் கூடாது. அப்பா தன் பாட்டுக்கு, "பேரே சோலியாக்கி. பிறகு சோலி இல்லாமல் இருக்குமோ?" என்றார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இது பரம்பரையில் வருவது, பிள்ளைகள் இருந்தால் அவர்களும் இரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்று அன்றைக்கே டொக்டர் சொன்னார். எங்களுக்கு இருப்பது நீ ஒருவன். "எனக்கு வயித்திலை ஒண்டும் இல்லை அம்மா. பிறகு பாப்பம்" என்றாய். உன்னுடைய அந்தப் 'பிறகு' அன்றைக்குத் தொடங்கியது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் குசினியைத் தலைகீழாக்கினாய். பாணை ரோஸ்ட் போடும் மெஷின், மரப் பலகை, மா அரிக்கும் அரிதட்டு எல்லாம் குப்பைக்குப் போயின. பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, "இதுக்குள்ளையும் கோதுமை மா கலந்திருக்கு" என்றாய். இத்தனை வருடம் ரசத்துக்குப் போட்ட எனக்கு அது தெரியாது. கடையில் விற்கும் கோதுமை இல்லாத பாணை வாங்கி வந்தாய். அது கையில் எடுத்தவுடன் மணல் மாதிரி உதிர்ந்தது. நான் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான் தராசும் மாப் பைகளுமாக வந்து நின்றாய். மின்சார வேலை செய்கிற உனக்குச் சுவருக்குள் கம்பி இழுக்கத் தெரியும். சோறு வடிக்கத் தெரியாது. முதல் பாணை அப்பா மேசையில் தட்டிப் பார்த்து, "இதாலை ஆணி அடிக்கலாம்" என்றார். நீ விடவில்லை. பிறகு ஒரு பொடியைக் கொண்டு வந்தாய். அது ஒரு விதையின் உமி, தண்ணீரில் போட்டால் பிசின் மாதிரி மாவைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லித் தந்தாய். நோர்வேஜியனில் அதன் பெயருக்குத் தெள்ளுவிதை என்று அர்த்தம், பார்க்கத் தெள்ளுப்பூச்சி மாதிரி இருக்குமாம். அந்தப் பொடி போட்ட பாண் உண்மையான பாணாகவே இருந்தது. வெட்டினால் வளைந்தது, பட்டர் பூசினால் உடையவில்லை. உன் வீட்டுக் குசினியில் கோதுமை இருக்கிறது என்பதால், சனிக்கிழமைகளில் வெஸ்ட்லியிலிருந்து இங்கே வந்து எங்கள் அடுப்பில் சுடுவாய். வீடு முழுக்க மணக்கும். அந்தக் கிழமை முழுக்க நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனது அந்தப் பாண்தான்.

புது வருடம் பிறந்த பிறகுதான் தோலில் கடி, அந்த அரிப்பு, தொடங்கியது. மதியச் சாப்பாடு முடித்து, ஒரு வயதான அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முன்கை இரண்டும் சுட்டது. சட்டைக் கையை இழுத்துப் பார்த்தால், கடற்கரையில் நண்டு கிளறிய மண் மாதிரித் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து கிடந்தது. அந்த அம்மாதான் முதலில் கண்டார். "உன் கைக்கு என்ன?" என்று கேட்டு, தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஸ்கப்பாக இருக்கலாம் என்றார். ஸ்கப் என்றால் சொறி, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. வயதானவர்கள் இருக்கிற இடத்தில் அதற்குப் பயப்படத்தான் வேண்டும், அவரில் பிழை இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் உடுப்பைத் தனிப் பையில் போட்டுக் கட்டச் சொன்னார். நான் தொட்ட கட்டில்களின் துணியெல்லாம் கழற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே சப்பாத்து மாட்டினேன். இவ்வளவு காலம் எத்தனை பேரைக் குளிக்க வார்த்த கைகள். அன்றைக்கு ரயிலில் இருக்கை காலியாக இருந்தும் நான் இருக்கவில்லை. கம்பியையும் பிடிக்கவில்லை.

ஸ்கப் இல்லை என்று எங்கள் குடும்ப டொக்டர் எழுதித் தந்தார். நான் திரும்பவும் வேலைக்குப் போனேன். தடிப்பு மட்டும் போகவில்லை. நீ போனில் தேடிப் பார்த்து, நோர்வேஜியனில் அதைத் தேவதைகள் ஊதுவது என்கிற மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாய். அப்பா, "எங்கடை ஆக்கள் இதைக் காணாக்கடி எண்டுறவை. கடிச்சது ஆர் எண்டு தெரியாது" என்றார். அதுதான் சரியான பெயர். ஒரு நாள் வயிற்றில் வரும். ஒரு நாள் தொடையில். மூன்று நாள் ஒன்றுமே இல்லாமல் இருக்கும், இனி வராது என்று நினைத்துத் தேவாலயத்துக்குப் புறப்பட்டுச் சேலை கட்டும்போது கழுத்தைச் சுற்றி எழும்பும். டொக்டர் அலர்ஜிக் குளிசை தந்தார். சொலியாக்கி உள்ளவர்களுக்கு இப்படித் தோலில் வருவது உண்டு, குடல் ஆறக் காலம் எடுக்கும், எங்கேயோ தெரியாமல் கோதுமையும் உள்ளே போகக்கூடும், கவனமாக இருங்கள் என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நீ பிடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். கோதுமை ஒரு கள்ளன் மாதிரி எங்கேயோ ஒளிந்திருக்கிறது, அதைப் பிடித்தே தீருவது என்று நின்றாய். சோயா சோஸ் போனது. மிளகாய்த்தூள் போனது, திரிக்கிற மில்லில் வேறு என்ன திரிக்கிறார்களோ என்று. ஒரு சனிக்கிழமை பட்டரில் ஒரு துணுக்கைக் கண்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினாயே, நினைவிருக்கிறதா? "அம்மாவைக் கொல்லப் போறீங்களோ? பிஸ்கட்டைத் தின்ற கத்தியை இதுக்குள்ளை விட்டனீங்களோ?" அப்பா தன் பிஸ்கட் பைக்கட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், அந்தக் குளிரில் ஜக்கெட்டும் இல்லாமல் நின்றார். பிறகு வேலை முடிந்து வரும்போது வெளியிலேயே தேத்தண்ணி குடித்துவிட்டு வரத் தொடங்கினார். தன் வீட்டில் எதைத் தொடவும் அவருக்குப் பயம். எனக்கும்தான். நீ நாயாய் அலைந்து எனக்காகச் சண்டை பிடிக்கும்போது, நான் உனக்கு எதைச் சொல்ல? நீ வந்து அடுப்பை மூட்டுவாய். பாண் மணக்கும். "இதிலை மட்டும் பயப்பிடாதேங்கோ அம்மா. இது நான் செய்தது" என்பாய். நான் இரண்டு துண்டு கூடச் சாப்பிடுவேன்.

கோதுமை எங்கே என்று யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குச் சந்தேகம் வந்த இடம் தேவாலயம். பூசையில் நன்மை வாங்கும்போது சுவாமி தருகிற நற்கருணை அப்பம். அதுவும் கோதுமைதானே. ஞாயிறு பூசையில் எல்லோரும் எழும்பி வரிசையில் போக, நான் இருந்த இடத்திலேயே முழந்தாளில் நின்றேன். ஊரில் சண்டைக்குள்ளும், மன்னாரில் அகதி முகாமிலும், இங்கே வந்து ஒரு சொல் பாஷை தெரியாமல் நின்ற நாட்களிலும் நான் நன்மை எடுக்காமல் விட்டதில்லை. அனிதாவின் அம்மா வாசலில் என்னைப் பிடித்து, "என்னக்கா, நன்மைக்கு வரேல்லை? ஏதும் மனக்குறையோ?" என்று கேட்டார். கலியாணம் நெருங்குகிற நேரம். மாப்பிள்ளையின் தாய் நன்மை எடுக்கவில்லை என்றால் நாலு பேர் நாலு விதமாக நினைப்பார்கள்தானே. கழுத்துத் தடிப்பைச் சால்வையால் மறைத்துக்கொண்டு, "வயித்து வருத்தம்" என்று மட்டும் சொன்னேன். சம்பந்தி வீட்டில் என்னைத் தொற்று வருத்தக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அந்த மருந்து அறையும் கட்டிய பையும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு ஞாயிறு நன்மை எடுக்காமல் விட்டும் தடிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

பனி கரைந்து, பாதையில் போட்ட சிறு கற்கள் சப்பாத்துக்குள் கடிக்கிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலியாண மண்டபம் பார்க்கப் போவதாக இருந்தது. நீ முதல் நாள் வந்து எங்களோடு தங்கினாய். காலையில் முட்டை பொரித்து, உன் பாணில் தடிப்பாக மூன்று துண்டு வெட்டி வைத்தாய். அப்பாவுக்கு வேலை. நாங்கள் இரண்டு பேரும் ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஸ்டேஷனின் பாறைச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போதே என் உள்ளங்கைகள் இரண்டும் கடித்தன. ரயில் வந்தது, ஏறினோம். உள்ளங்கால் கடித்தது. காது மடல் கொதித்தது. நீ போனில் மண்டபத்தின் படத்தைக் காட்டி ஏதோ கேட்டாய். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு எனக்குச் சொந்தமில்லாத மாதிரிக் கிடந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய். உன் முகம் மாறியதில்தான் என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மா, இறங்குவம். இப்ப இறங்குவம்" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாய். குரூருட்டில் கதவு திறந்தது. பிளாட்பாரத்தில் இரண்டு அடி வைத்திருப்பேன், கண் இருட்டியது. நீ உன் ஜக்கெட்டைக் கீழே போட்டு என்னை அதில் கிடத்தினாய். அவசர எண்ணுக்கு எடுத்து நோர்வேஜியனில் நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஸ்டேஷனின் பெயர், என் வயது, சொலியாக்கி, உதடு வீங்குகிறது, மூச்சில் சத்தம் வருகிறது. வேலை இடத்தில் கதைக்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பினாய், குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, இஞ்சை பாருங்கோ. என்னைப் பாருங்கோ. கண்ணை மூடாதேங்கோ. என்னோடை ஏதாவது கதையுங்கோ." என்னால் கதைக்க முடியவில்லை. தொண்டைக்குள் யாரோ பஞ்சை அடைத்துக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. ஒரு நோர்வேக்காரப் பெண் தன் கைப்பையை என் கால்களுக்குக் கீழே வைத்து உயர்த்தினார். நான் சாவைப் பற்றி நினைத்தேன் என்று நீ நினைக்கலாம். இல்லை. சட்டைக் கைக்குள்ளால் தடிப்பு எல்லோருக்கும் தெரிகிறதே, இதைச் சொறி என்று நினைப்பார்களே என்றுதான் நினைத்தேன். மனிதருடைய மூளை எவ்வளவு விசரானது பார். அம்புலன்ஸ் வந்து தொடையில் ஊசி போட்டார்கள். நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது, பிறகு அந்தப் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முதல் வெளியே வந்த சொல் "தம்பி". நீ என் கையை உன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். திரும்ப இப்படி வந்தால் உடனே தொடையில் குத்த, கூடவே வைத்திருக்க ஊசிப் பேனா ஒன்றைத் தந்தார்கள். காரணம் தெரியும்வரை சோறு, மீன், உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிடு என்று சொல்லி, அலர்ஜி டொக்டரிடம் அனுப்பினார்கள். சோறும் மீனும் சாப்பிட்டதும் தடிப்பு நின்றது. எங்கேயோ ஒரு மாப் பையில் கோதுமை கலந்திருக்கிறது, நிறுவனத்துக்கு எழுதப் போகிறேன் என்று நீ கொதித்துக்கொண்டிருந்தாய்.

அந்த டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அவசரப்படாதவர். சாப்பிட்ட எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நீ ஒவ்வொரு மாவிலும் கொஞ்சம் சின்னச் சின்னப் போத்தலில் போட்டுப் பெயர் ஒட்டிக் கொண்டுவந்தாய். அவர் அவற்றை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். முதியோர் இல்லம் என்றேன். காலையில் என்னென்ன செய்வீர்கள் என்றார். நான் சொல்லிக்கொண்டு போனேன். எழுப்புவது, கழுவுவது, மருந்து கொடுப்பது, மலம் இறுகினவர்களுக்கு அந்தப் பொடியைச் சாற்றில் கலக்கிக் கொடுப்பது. "எந்தப் பொடி?" என்று அவர் பேனாவை வைத்தார். பெரிய டப்பாவில் வரும், கரண்டியால் அள்ளும்போது தூசி பறக்கும், எனக்குத் தும்மல் வரும் என்றேன். எத்தனை வருடமாகத் தும்முகிறீர்கள் என்று கேட்டார். வசந்தத்தில் பறக்கிற பேர்ச் மரத்துப் பூந்தூள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன் என்றேன். அவர் எழும்பிப் போய்த் தாதியிடம் ஏதோ சொன்னார்.

என் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துளி வைத்து, நுனி ஊசியால் குத்தினார்கள். அரிசி மா, சோள மா, உருளைக்கிழங்கு மா. நாங்கள் மூன்று பேரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தோல் எழும்பத் தொடங்கியது. முதலில் நுளம்பு கடித்த அளவு. பிறகு பெரிய காசளவு, ஓரமெல்லாம் சிவந்து. நீ அந்த இடத்துக்கு நேரே எழுதியிருந்ததை வாசித்தாய். உன் கையெழுத்துத்தான். தெள்ளுவிதை உமி. நான் கலக்கிக் கொடுத்த பொடியும் அதே உமிதான். வருடக்கணக்காக அதன் தூசியை இழுத்து இழுத்து என் உடம்பு அதைப் பகையாக்கி வைத்திருந்தது, சாப்பாட்டில் வந்ததும் பாய்ந்தது, சாப்பிட்ட கையோடு ஓடினபடியால் இன்னும் கூடியது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நீ அதை முழுக்கக் கேட்கவில்லை. "உன்ஷில்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனாய். நான் வந்து பார்க்கும்போது நடைபாதையில் சுவரோடு குந்தி இருந்தாய். "நான்தான் தந்தனான் அம்மா. ஒவ்வொரு கிழமையும் என்ரை கையாலை தந்தனான்" என்றாய். நான் உன் தலையைத் தடவி, "சும்மா இரடா" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரம் எனக்கு வேறு சொல் வரவில்லை.

இப்போது வருகிறது, கேள். உன் பாணில் பிழை இல்லை. அந்தப் பொடி என் மூக்குக்குள் புகுந்தபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. நான் சம்பளத்துக்குச் செய்த வேலையில் வந்தது அது. அந்த வேலையிலும் பிழை இல்லை, அந்தக் கிழவர்களுக்கு அது தேவை. இப்போது அதை வேறு ஒருவர் கலக்குகிறார், முகமூடி போட்டுக்கொண்டு. நீ பாண் சுடாமல் விட்டிருந்தால் இது வேறு ஒரு நாள், வேறு ஒரு கடைப் பாணில், நீ பக்கத்தில் இல்லாத நேரம் வந்திருக்கும். குரூருட் பிளாட்பாரத்தில் என்னைக் கிடத்தியதும் உன் கைதான். நீ ஒன்றை மட்டும் நினைக்கிறாய், மற்றதை மறந்துவிடுகிறாய். அன்றிலிருந்து எங்கள் குசினிக்குள் நீ வரவில்லை. வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போகிறாய். தண்ணீர் கேட்டால்கூட அனிதாவை அனுப்புகிறாய். தராசைக் குப்பையில் போட்டதை அப்பா கண்டு எடுத்து வைத்திருக்கிறார்.

கலியாணம் நல்லபடி நடந்தது. சுவாமியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோதுமையின் பசைச்சத்தான குளுட்டனை அநேகமாக எடுத்துவிட்ட அப்பம் ஒன்றை எனக்கென்று தனிச் சிமிழில் வைத்துத் தந்தார். உன் பூசையில் நான் நன்மை எடுத்தேன். ஒரு தடிப்பும் வரவில்லை. கழுத்தில் சால்வை இல்லாமல் எல்லாப் படத்திலும் நிற்கிறேன். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை உன் வீட்டில் பெட்டி கட்ட உதவிக்கு வந்தேனே. நீ கட்டிலின் பலகையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது. உன் முழங்கையைக் கண்டேன். சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள், சொறிந்து சொறிந்து பொருக்கு ஏறியவை. மற்ற முழங்கையிலும் அப்படியே. நீ உடனே கையை இழுத்துவிட்டாய். என்ன என்று கேட்டதற்கு, "வேலையிலை சுவருக்குள்ளை அடைக்கிற கண்ணாடிப் பஞ்சு பட்டது" என்றாய். இரண்டு முழங்கையிலும் ஒரே மாதிரி எந்தப் பஞ்சும் படாது, ராசா. பிறகு அனிதா என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டாள். "மாமி, சொல்லக்கூடாது எண்டவர். முழங்காலிலையும் இருக்கு. கடியிலை நித்திரை இல்லை. கொஞ்ச நாளாப் பாண் சாப்பிடுறதையும் விட்டுட்டார், பிட்சாவும் இல்லை. ஏன் எண்டு கேட்டால் கோவிக்கிறார்" என்று சொல்லி அழுதாள். அவளைக் கோவிக்காதே. நீ சொல்லாததால்தான் அவள் சொன்னாள்.

நான் எங்கள் டொக்டரிடம் கேட்டேன். உன் பெயர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை என்றேன். சொலியாக்கி சிலருக்கு வயிற்றில் ஒன்றும் காட்டாமல் தோலில் மட்டும் வரும், முழங்கை, முழங்கால், பின்பக்கம், சரியாக இப்படித்தான் என்றார். இது என்னுடைய காணாக்கடி இல்லை, வேறு விதம். பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், இரத்தமும் எடுத்து, தோலிலும் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். "அந்தப் பிள்ளை கோதுமையை விட்டுவிட்டது" என்றேன். அது பிழை என்று அவர் தலையை ஆட்டினார். சோதனைக்கு முன் விட்டால் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், வருத்தம் இருந்தும் இல்லை என்று வரும், பிறகு ஆயுள் முழுக்கச் சந்தேகத்தோடுதான் இருக்கவேண்டும் என்றார்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால், நான் தந்தது என்று நான் நினைத்து உடைந்துபோவேன் என்று நினைக்கிறாய். அந்த நடைபாதையில் நீ குந்தி இருந்த மாதிரி நானும் குந்திவிடுவேன் என்று பயப்படுகிறாய். இல்லை தம்பி. என் இரத்தத்தில் இருந்தால் அது உனக்கு வந்திருக்கும். உன் கண்ணும் குரலும் வந்த வழியால் வந்திருக்கும். அதற்கு நான் அழமாட்டேன். நீ மூடிய சட்டைக் கைக்குள் சொறிந்துகொண்டு, உன் பெண்சாதியிடம் பொய் சொல்லிக்கொண்டு, தெரியாத ஊரில் தனியாக இதைச் சுமந்தால்தான் அழுவேன். சால்வையால் மூடிக்கொண்டு திரிந்த காலத்தில் எனக்குத் தடிப்பைவிட அந்த மூடல்தான் பெரிய வருத்தமாக இருந்தது. ஒருவர் கேட்டபோது உள்ளதைச் சொல்லியிருந்தால் அனிதாவின் அம்மாவே எனக்குச் சுவாமியிடம் கதைத்துத் தந்திருப்பார். பிறகு அப்படித்தான் செய்தார். அனிதாவிடம் இன்றைக்கே சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தாலும் சரி. அங்கே போனபின் அவளுடைய குசினியில் நீ பொலிஸ் வேலை பார்க்காதே. அப்பா பல்கனியில் நின்ற மாதிரி அவளை நிற்க விடாதே.

துரொன்ட்ஹெய்மில் டொக்டரிடம் நேரம் எடுத்தாயிற்று. அனிதாவும் நானும் சேர்ந்துதான் எடுத்தோம், எங்கள் இரண்டு பேரிலும் கோபப்படு. எவ்வளவு காலம் கோதுமை சாப்பிட்டுவிட்டுச் சோதிப்பது என்று அவர் சொல்வார். அதுவரை நீ செய்யவேண்டியது ஒன்றுதான். கடி கூடும். கூடட்டும், அதைக் காட்டத்தான் போகிறோம். என் வீட்டிலிருந்து கோதுமையைத் துடைத்து எறிந்தவன் நீ. ஒரு துணுக்குக்காகத் தகப்பனைப் பார்த்துக் கத்தினவன். உன்னைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். கடைக்குப் போய் நல்ல கோதுமைப் பாண் ஒன்று வாங்கு. நாளைக் காலையில் இரண்டு துண்டு சாப்பிடு. அடுத்த நாளும் சாப்பிடு.

நான் ஒவ்வொரு நாளும் காலையில் எடுப்பேன். வேலைக்குப் போகிற நேரம், அதிகம் கதைக்கமாட்டேன். "பாண் சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்பேன். பிறகு பாப்பம் என்று சொல்லாதே. ஓம் என்று சொல்.

அம்மா